கையளவுக் குட்டியை வாங்குமுன்: டாய் இன நாய்களின் தேர்வும் வளர்ப்பும்

டாய் இனம் எனப்படும் மிகச் சிறிய வகை நாய்களின் குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர முடிவுசெய்தவர்கள் முதலில் வாங்கிவைக்க வேண்டிய பொருள் கழுத்துப்பட்டையோ மெத்தையோ அன்று. கிராம் கணக்கில் எடை காட்டும் சமையலறைத் தராசுதான். இரண்டு மாத லாப்ரடார் குட்டி நான்கைந்து கிலோ இருக்கும். அதே வயதுச் சிவாவா குட்டி ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. ஒரு நாள் வயிற்றுப்போக்கில் 100 கிராம் குறைந்தால் லாப்ரடாருக்கு அது பெரிய இழப்பன்று. சிவாவாவுக்கோ உடலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். உணவு, குடற்புழுவுக்கான பூச்சி மருந்து, உண்ணி மருந்து, தவறி விழும் உயரம் ஆகிய எல்லாமே இந்தச் சிற்றுடலில் வேறு கணக்காகிவிடுகின்றன. பெரிய நாய்களை வளர்த்துப் பழகிய குடும்பங்கள்கூட இந்தக் கணக்கைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது. சில நேரங்களில் அந்தப் பழைய பழக்கமே இடைஞ்சலாகவும் அமைந்துவிடுகிறது.

எந்த இனம்

தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று அதிகம் காணப்படுபவை ஷிட்சு, பொமரேனியன், பக் ஆகிய மூன்று. சிவாவா, மால்டீஸ், டாய் பூடில், யார்க்ஷயர் டெரியர் ஆகியவை எண்ணிக்கையில் குறைவு. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன வரையறைப்படி சிவாவா 2.7 கிலோவைத் தாண்டக் கூடாது, பொமரேனியன் 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கும். ஷிட்சு 4 முதல் 7.3 கிலோ வரை வளரும். பக் இவற்றுள் கனமானது, 8 கிலோ வரை எட்டும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் பேசினால், அவர் சொல்வதில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பது சற்று நேரத்தில் விளங்கிவிடும்.

நம் ஊர்களில் 1980களிலும் 90களிலும் ‘பொமரேனியன்’ என்ற பெயரில் வளர்ந்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவை பொமரேனியனைவிடப் பெரியவை, முகம் சற்று நீண்டவை, நம் வெயிலுக்குத் தலைமுறைகளாகப் பழகியவை. பொமரேனியன் என்று சொல்லி ஸ்பிட்ஸ் குட்டியை அதிக விலைக்கு விற்பது இன்றும் நடக்கிறது. விலையில் ஏமாற்றம் என்பதைத் தவிர அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. முதன்முறையாக நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு ஸ்பிட்ஸ்தான் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் தெரிந்து வாங்குவதற்கும் ஏமாந்து வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு.

தட்டை முகம் கொண்ட பக், ஷிட்சு ஆகியவற்றைத் தேர்வதற்கு முன் வெப்பத்தைப் பற்றி நன்றாகச் சிந்திக்க வேண்டும். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முகம் குட்டையாக இருந்தால் மூக்குத் துவாரங்களும் குறுகி, மெல்லண்ணம் தொண்டைக்குள் தொங்கி, அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் பகல் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு அலுவலகம் செல்லும் குடும்பம் பக் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏ.சி. இருக்கிறது என்ற பதில் மின்தடை வரும்வரைதான் செல்லும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் சிவாவாவையும் மிகச் சிறிய பொமரேனியனையும் தவிர்த்து, எடை கூடிய ஷிட்சு போன்றதைத் தேர்வது நல்லது. இதில் குழந்தையின் குணத்தைக் குறை சொல்வதற்கில்லை. குழந்தை ஆசையாகத் தூக்கும், குட்டி நெளியும், கை நழுவும். விழுந்த குட்டியின் முன்னங்கால் எலும்பு ஒரு பென்சிலின் பருமன்கூட இல்லாதது.

மிகச் சிறியதை விலக்குங்கள்

‘டீ கப்’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் குட்டிகளைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஓர் இனமோ, இனத்துக்குள் ஒரு பிரிவோ எந்த நாட்டுக் கென்னல் கிளப்பின் பட்டியலிலும் இல்லை. ஓர் ஈற்றில் எடை குறைந்து பிறந்த நோஞ்சான் குட்டிகளைத் தாயாகவும் தந்தையாகவும் வைத்து மேலும் நோஞ்சான்களைப் பெறுவதாலும், போதிய உணவு கொடுக்காமல் வளர்ச்சியைத் தடுப்பதாலும், 40 நாள் குட்டியை 60 நாள் குட்டி என்று சொல்வதாலும்தான் இந்த ‘அளவு’ கிடைக்கிறது. மூன்றாவது வழிதான் எளிதானது என்பதால் அதுவே அதிகம் கையாளப்படுகிறது. இத்தகைய குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது, கல்லீரல் இரத்தக் குழாய்க் கோளாறு, மூளைக்குள் நீர் தேங்குவது ஆகிய ஆபத்துகள் கூடுதல். ஆகவே ஓர் ஈற்றில் மூன்று குட்டிகள் இருந்தால், விற்பவர் உள்ளங்கையில் ஏந்திக்காட்டும் மிகச் சிறியதை விட்டுவிட்டு, எடையிலும் துடிப்பிலும் முன்னிற்கும் குட்டியைக் கேளுங்கள். டாய் இனத்தில் சற்றுப் பெரிய குட்டி என்பது குறையன்று. அதுதான் ஆயுளுக்கான முதல் உறுதி.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

குட்டியைத் தாயோடு சேர்த்து, அது பிறந்து வளர்ந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குக் கூடையில் கொண்டுவந்து தருகிறேன், பார்சலில் அனுப்புகிறேன், தாய் வேறு ஊரில் இருக்கிறது என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது நம் உரிமை. கே.சி.ஐ. சான்றிதழ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தாள் குட்டியின் பரம்பரையைக் காட்டுமே தவிர, அதன் உடல்நலத்துக்குச் சான்று ஆகாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லாதவர்கள் அந்தத் தாளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் நல்ல மருத்துவப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

விற்பவரின் பேச்சை அளப்பதற்கு ஓர் எளிய வழி, ஈற்றில் மொத்தம் எத்தனை குட்டிகள் என்று கேட்பது. டாய் இனத் தாய்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள்தாம் ஈனும். ஒரே சிவாவாவின் குட்டிகள் என்று எட்டு ஒன்பதைக் காட்டினால், பல இடங்களிலிருந்து வாங்கிச் சேர்த்த குட்டிகள் அவை என்று கொள்வதே சரி. அப்படிச் சேர்க்கப்பட்ட குட்டிகளிடையே, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் போன்ற தொற்று பரவ ஒரு நாள் போதும்.

வயதைப் பற்களைக் கொண்டு ஓரளவு சரிபார்க்கலாம். மேலுதட்டை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பால்பற்கள் மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கி எட்டு வாரம் ஆகும்போது பெரும்பாலும் 28-உம் வந்துவிடும். சிற்றினங்களில் ஓரிரு வாரம் தாமதமாவதும் உண்டு. இரண்டரை மாதம் என்று சொல்லப்படும் குட்டியின் ஈறில் முன்பற்கள் இப்போதுதான் எட்டிப்பார்க்கின்றன என்றால் வயதில் பொய் இருக்கிறது. உதட்டை விலக்கிய அதே வேளையில் ஈறின் நிறத்தையும் பார்த்துவிடலாம். நல்ல ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளிறிய, ஒட்டும் தன்மையுள்ள ஈறு குடற்புழுவையோ நீர்ச்சத்துக் குறைவையோ காட்டுகிறது.

அதன் பின் உச்சந்தலையைத் தடவிப் பாருங்கள். சிவாவாக்களுக்கு மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தில் சிறு மென்குழி இருப்பது அந்த இனத்தில் காணப்படும் ஒன்றுதான். ஆனால் குழி அகன்றும், தலை உடலுக்குப் பொருந்தாத அளவில் குவிந்தும், கண்கள் வெளிப்புறமாகக் கீழ்நோக்கியும் இருந்தால் மருத்துவர் பார்க்காமல் வாங்கக் கூடாது. தொப்புளில் குடலிறக்கத்தைக் காட்டும் சுண்டைக்காய் அளவு புடைப்பு இருக்கிறதா என்று வயிற்றைத் தடவியறியலாம். பின்னங்கால்களைக் கவனிக்கக் குட்டியைத் தரையில் நடக்கவிடுங்கள்; நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டி, மறுபடி ஊன்றி ஓடினால் முழங்கால் சில்லு இடம் விலகுவது காரணமாக இருக்கலாம். டாய் இனங்களில் மிகப் பரவலான எலும்புக் கோளாறு இதுதான். குட்டியின் தாயும் இப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தாயையும் நடக்கவிடச் சொல்ல வேண்டும். பக், ஷிட்சு குட்டிகளின் மூக்குத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுச் சத்தம் கேட்டால் அது அழகன்று, அடைப்பு.

இவ்வளவுக்குப் பிறகும், ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குறை இருந்தால் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நேர்மையான வளர்ப்பாளர் இதற்குத் தயங்க மாட்டார். பன்னிரண்டு வாரம் வரை குட்டியைத் தம்மிடமே வைத்திருந்து தருகிறேன் என்று அவராகவே சொன்னால் அவரை நம்பலாம். டாய் குட்டிகளுக்கு அந்தக் கூடுதல் நான்கு வாரம் பெரும் பலம்.

முதல் இரண்டு வாரங்கள்

டாய் குட்டிகள் புதிய வீட்டில் இறப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இரத்தச் சர்க்கரை தாழ்வது. கல்லீரலில் சேமித்துவைக்கும் மாவுச்சத்து மிகக் குறைவு. தசையும் கொழுப்பும் குறைவு. உடலின் பரப்போ எடையோடு ஒப்பிட்டால் அதிகம் என்பதால் வெப்பம் விரைவில் வெளியேறிவிடுகிறது. தாயைப் பிரிந்த ஏக்கத்தில் ஒரு வேளை உண்ணாமல் இருந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரும் தூக்கிக் கொஞ்சி, உறங்கவும் விடாமல் செய்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். முதலில் குட்டி சோர்ந்து படுக்கும், நடந்தால் தள்ளாடும், பின்பு நடுக்கம், வலிப்பு, மயக்கம். ‘களைப்பு, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் இதில் நேரும் பெருந்தவறு.

தடுக்கும் வழி எளிது. நான்கு மாதம் ஆகும்வரை ஒரு நாளுக்கு நான்கு அல்லது ஐந்து வேளை உணவு கொடுக்க வேண்டும். கடைசி வேளை வீட்டார் உறங்கப் போகும் நேரத்திலும் முதல் வேளை விடிந்ததும் அமைய வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் குட்டிகளுக்கான உலர் தீவனம் தேவைப்படும். ஐந்தாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 10 கிராம். பார்க்க மிகக் குறைவாகத் தோன்றும் இந்த அளவைக் கைக்கணக்கில் போடாமல் நிறுத்துப் போடுவதற்கும், தினமும் காலையில் ஒரே நேரத்தில் குட்டியின் எடையைக் குறித்துவைப்பதற்கும்தான் தொடக்கத்தில் சொன்ன தராசு. ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்கி, கிண்ணத்துக்குள் துணியை விரித்துக் குட்டியை உட்காரவைத்தால் அது நெளிந்தாலும் எண் சில விநாடியில் நிலைக்கும். எடை நாளுக்கு நாள் சிறிதளவேனும் கூட வேண்டும். ஒரு நாள் கூடாவிட்டால் கவனிக்க வேண்டும். குறைந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குட்டி தள்ளாடினாலோ துவண்டுபோனாலோ, கொஞ்சம் தேனையோ, சில துளி நீரில் குழைத்த குளுக்கோஸ் பொடியையோ விரலில் தொட்டு ஈறின் மேலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவ வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருக்கும் குட்டியின் வாயில் பாலையோ நீரையோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றி வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சில நிமிடத்தில் எழுந்து நடந்தாலும் போகத்தான் வேண்டும். பசிதான் காரணமா, புழுவோ தொற்றோ பின்னால் இருக்கிறதா என்பது பரிசோதனையில்தான் தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் இரவு நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவைக்க வேண்டும்.

முந்தைய வீட்டில் எந்தத் தீவனம் உண்டதோ அதையே முதல் வாரம் தொடர்ந்து, பிறகு ஒரு வாரக் காலத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம். தயிர்சாதமும் பால்சாதமும் மட்டும் போட்டு வளர்ப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம்; வளரும் குட்டிக்குத் தேவையான புரதம் அவற்றில் இல்லை. வீட்டு உணவே தர விரும்புகிறவர்கள் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ சேர்த்து, மற்ற சத்துகளுக்கு மருத்துவரின் அளவுப்படி நடக்க வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். பாயசத்திலிருந்தும் கேசரியிலிருந்தும் தரையில் விழும் உலர்திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஒரு கிலோ குட்டிக்கு ஓரிரண்டையும் பொருட்படுத்தாமல் விட முடியாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் அப்படித்தான். மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பாதியாகக்கூட, பொடித்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

தடுப்பூசியும் வெளியுலகமும்

பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்கு ஒன்றாகப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் நிறையும் வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் முந்தைய ஊசிகளின் வேலையைத் தடுத்துவிடக்கூடும் என்பதால் கடைசி ஊசி மிக முக்கியமானது. இரண்டு போட்டாயிற்று, போதும் என்று நிறுத்திய குட்டிகளுக்குப் பார்வோ வருவது இதனால்தான். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. உடல் சிறியதாயிற்றே, பாதி டோஸ் போடுங்கள் என்று கேட்கும் வீட்டார் உண்டு. தடுப்பூசி எடைக்கு ஏற்பக் குறைக்கப்படுவதில்லை. பூச்சி மருந்து மட்டும் எடைப்படி கணக்கிடப்படும்; ஆகவே அன்றைய எடையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்கக் கூடாது. மூன்று முதல் பதினான்கு வாரம் வரையான காலத்தில் காணாதவற்றுக்கெல்லாம் நாய் பிற்காலத்தில் அஞ்சும், அஞ்சியதைப் பார்த்துக் குரைக்கும். டாய் நாய்கள் ஓயாமல் குரைப்பவை என்ற பெயருக்கு இனத்தின் இயல்பு பாதி, இந்தக் காலத்தை வீணாக்கியது பாதி. கையில் ஏந்திக்கொண்டு மாலையில் வாசலில் நின்றாலே ஆட்டோ, பால்காரர், குடை பிடித்தவர், லிஃப்டின் சத்தம் எல்லாம் பழகிவிடும். கடித்தால் சிரித்துக்கொண்டு விடுவதும், குரைத்தால் தூக்கிக் கொஞ்சுவதும் சிறிய நாய்க்கு மட்டும் நாம் தரும் சலுகைகள். பெரிய நாயிடம் எதைப் பொறுக்க மாட்டோமோ அதை இதனிடமும் பொறுக்க வேண்டியதில்லை.

மலம், சிறுநீர்ப் பழக்கத்தில் பொறுமை கூடுதலாக வேண்டும். சிறுநீர்ப்பை மிகச் சிறியது. மூன்று மாதக் குட்டியால் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் செய்தித்தாள் விரித்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். தவறான இடத்தில் போனதற்கு அடித்தால், அடிக்கிறவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். துடைத்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பாதத்தில் ஒட்டியதைக் குட்டி நக்கும், பினாயில் நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

பளபளக்கும் டைல்ஸ் தரை முழங்கால் சில்லுக்குப் பகை. குட்டி ஓடி விளையாடும் கூடத்தில் ஜமக்காளமோ ரப்பர் விரிப்போ போட்டுவைக்க வேண்டும். பாதத்தின் அடியில் வளரும் முடியை மாதம் ஒருமுறை வெட்டினால் வழுக்குவது குறையும். சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்கவிடாமல் முதலிலிருந்தே தரையில் பழக்க வேண்டும், அல்லது சாய்பலகை வைக்க வேண்டும். பொமரேனியன், சிவாவா போன்றவற்றில் சோபா உயரத்திலிருந்து குதித்தே முன்னங்கால் எலும்பு முறிவது புதிதல்ல. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மாவுக்கட்டு மட்டும் போட்டு ஒட்டவைப்பது கடினம், பல நேரங்களில் தகடு வைத்து அறுவை செய்ய வேண்டிவரும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று ஊஞ்சல். ஆடும் பலகைக்கடியில் குட்டி புகுந்தால் தலையில் அடிபடும். குட்டி இருக்கும் வீட்டில் ஆடாத நேரத்தில் ஊஞ்சலைக் கழற்றி வைப்பதோ சங்கிலியை உயர்த்திக் கட்டுவதோ நல்லது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் தலை நுழைந்தால் உடலும் நுழையும். வலை அடிக்க வேண்டும். மொட்டை மாடியில் தனியே விட்டால் காகங்கள் கொத்தும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டியைப் பருந்தும் நோட்டமிடும். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். அப்போது ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்கும் வழக்கத்தை டாய் இனத்தில் அறவே விட வேண்டும். இவற்றின் மூச்சுக்குழல் வளையங்கள் இயல்பிலேயே மெலிந்தவை. இழுபட இழுபட அவை தட்டையாகி, வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் தொடங்கும். மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸ்தான் சரி. பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. ஷிட்சு, பக் ஆகியவற்றின் கண்குழி ஆழமற்றது, பிடரித்தோல் இறுகினால் கண்விழியே வெளியே பிதுங்கிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் சலைன் எனப்படும் மருத்துவ உப்புநீரிலோ சுத்தமான நீரிலோ நனைத்த துணியால் விழியை ஈரமாக மூடிக்கொண்டு, உள்ளே தள்ள முயலாமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயில், உண்ணி

மார்ச் முதல் ஜூன் வரை நடைப்பயிற்சி காலை ஏழு மணிக்கு முன்பும் இருட்டிய பின்பும்தான். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடமும் விடக் கூடாது. மூச்சிரைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்தால் வெப்பத் தாக்கு. குழாய் நீரால் உடலை நனைத்து மின்விசிறிக்கடியில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஐஸ்கட்டி நீரை ஊற்றுவது வேண்டாம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை என்பதை நினைவில் வைத்தால், நம் கைக்குச் சுடுகிறது என்பதற்காகக் காய்ச்சல் என்று முடிவு கட்ட மாட்டோம்.

உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் ஆண்டு முழுவதும் உண்டு. காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்தடி ஆகிய மூன்று இடங்களையும் தினமும் தடவிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். உண்ணி மருந்துகள் எடைவாரியாக விற்கப்படுபவை; பெரிய நாய்க்கு வாங்கியதில் பாதியைச் சிறிய நாய்க்கு ஊற்றுவது ஆபத்தான சிக்கனம்.

முடி, கண், பல்

ஷிட்சு, மால்டீஸ் ஆகியவற்றின் முடியைத் தினமும் அடிவரை சீவ வேண்டும். மேலாகச் சீவினால் உள்ளே சடை விழுந்து தோல் புண்ணாகும். தினமும் நேரம் ஒதுக்க முடியாதவர்கள் குட்டையாக வெட்டிவைப்பதே அறிவுடைமை. பொமரேனியனுக்கும் ஸ்பிட்ஸுக்கும் அது பொருந்தாது; இரட்டை அடுக்கு முடியை வெயிலுக்காக ஒட்ட மழித்தால் சிலவற்றுக்குப் பழையபடி வளராமலே போய்விடும். குளிப்பாட்டினால் முழுவதும் உலர்த்தியாக வேண்டும். ஈரத்தோடு விடப்பட்ட டாய் குட்டி சென்னை டிசம்பரிலும் குளிர்ந்துபோகும்.

கண்ணோரம் வடிவதை ஈரப்பஞ்சால் துடைத்து, கண்ணில் விழும் முடியைக் கட்டிவைக்கவோ வெட்டவோ வேண்டும். குட்டி ஒரு கண்ணை மட்டும் சுருக்கினால் கருவிழியில் கீறல் இருக்கலாம். வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை அப்போது போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கீறல் புண்ணாகிக் கண்ணையே கெடுத்துவிடும்.

டாய் இனங்களின் சிறிய தாடையிலும் பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 நிலைப்பற்கள்தாம் முளைக்க வேண்டும். நெருக்கடியில் பால்பற்கள் விழாமல் நிற்க, பக்கத்திலேயே புதிய பல் முளைத்து இரட்டைப் பல்லாகிவிடும். இடுக்கில் உணவு தங்கி ஈறு அழுகும். ஆறு, ஏழு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள்; கோரைப்பல் இரண்டிரண்டாக நின்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். கருத்தடை அறுவை செய்வதற்கும் பலர் ஏறக்குறைய இந்த வயதைத்தான் தேர்கிறார்கள் என்பதால், ஒரே மயக்க மருந்தில் இரண்டையும் முடித்துத் தருமாறு கேட்கலாம். குட்டி ஈன வைக்கும் எண்ணம் இருந்தால், டாய் இனத் தாய்களில் பலவற்றுக்கு அறுவை செய்தே குட்டியை எடுக்க நேரிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பெரிய நாய்க்குச் சொல்லும் இரவு முழுப் பட்டினி இரண்டு கிலோ உடலுக்குப் பொருந்தாமல் போகலாம். புண் ஆறியதும் விரலில் மாட்டும் மென்தூரிகையால் தினமும் பல் துலக்கப் பழக்குங்கள்; மனிதர்களின் பற்பசையில் ஃபுளோரைடும் சிலவற்றில் நாய்க்கு நஞ்சான சைலிட்டாலும் இருப்பதால், நாய்களுக்கென்று விற்கும் பற்பசையைத்தான் வாங்க வேண்டும்.